உடம்பு எட்டாம் மாதம் வரும்

தேசியக் கெர்னல் காப்புக் கழகத்தில் பதினோரு ஆண்டுகளாக ஒரு சாதனை உடையாமல் காக்கப்பட்டு வந்தது. கழகம் கட்டிய இயங்குதளத்தின் கெர்னலில், அதாவது எல்லா நிரல்களுக்கும் அடியில் கிடந்து எல்லாருடைய பாரத்தையும் சுமக்கும் அந்த அடித்தளத்தில், எவரும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுச் செயற்கூறு, ஃபங்ஷன் என்பார்களே, அது ஒன்றுகூடக் கிடையாது. எழுத்துகளை எண்ணுவது, நினைவகத்தில் ஓரிடத்திலிருப்பதை இன்னோரிடத்துக்கு நகலெடுப்பது, இரண்டு சொற்கள் ஒன்றா என்று பார்ப்பது என்று, சி மொழி எழுதுகிற உலகம் முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் புழங்கும் சில்லறைச் சாமான்கள் எதுவும் உள்ளே நுழைந்ததில்லை. இதன் பெருமையாக வரவேற்பறைச் சுவரில் பித்தளையில் ஒரு பெரிய பூஜ்யம் வார்த்து மாட்டியிருந்தார்கள். வருகிறவர்கள் அதை முள் இல்லாத கடிகாரம் என்று நினைத்துக்கொண்டு தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஜியன் பெய்-ரோங் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது இந்தப் பூஜ்யத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலுவலகம் இருந்த, காற்றுக்குப் பேர்போன சின்ஜு நகரத்தில் காற்று எப்படியோ அப்படி அலுவலகங்களில் பெருமை அடிக்கும், நாம் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும் என்று இருந்தாள். அவளுக்கு ஒதுக்கிய வேலை வெள்ள எச்சரிக்கைப் பெட்டி. ஆற்றோர ஊர்களில் கம்பம் நட்டு, அதில் சங்கும் பெட்டியும் மாட்டியிருந்தார்கள். மழை வந்தால் தலைமையகத்திலிருந்து செய்தி போகும், பெட்டி அதைப் படித்து, தேவைப்பட்டால் சங்கை ஊதும். பெட்டிக்குள் ஓடியது கழகத்தின் கெர்னல்.

அந்தப் பெட்டிகளில் ஒன்று யிலான் பக்கம் லியூகெங்கில் இருந்தது. பெய்-ரோங்கின் சொந்த ஊர் அதுதான். அவள் அம்மா அங்கே ஆற்றங்கரையில் தரைத்தள வீட்டில் தனியாக இருந்தாள். மாடிவீடு வாங்கித் தருகிறேன் என்றால் முழங்கால் வலிக்கிறது என்பாள். முழங்காலுக்கு மருத்துவரிடம் போகலாம் என்றால் வலியே இல்லை என்பாள்.

லியூகெங் சங்கு ஒரு வருடமாகத் தூறலுக்கெல்லாம் ஊதிக்கொண்டிருந்தது. தூறினால் ஊதும், தூறல் நின்ற பிறகும் ஊதும், கல்யாணத்தில் மாப்பிள்ளை நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தபோது ஒருமுறை ஊதியது. ஊர் பழகிவிட்டது. சங்கு அலறும்போது லியூகெங்காரர்கள் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பெய்-ரோங் நிரலைத் திறந்து பார்த்த மூன்றாம் வாரமே காரணம் புரிந்தது. வந்த செய்தி எவ்வளவு நீளம் என்று அளக்காமலே அதை நினைவகத்தில் கொட்டுகிறார்கள். செய்தி நீண்டால், பாத்திரம் பார்க்காமல் ஊற்றிய பால் போல, பக்கத்து இடத்துக்கு வழிகிறது. பக்கத்து இடத்தில்தான் சங்கு எப்போது ஊத வேண்டும் என்ற கணக்கு இருந்தது. செய்தியின் நீளத்தை முதலில் அளந்தால் தீர்ந்தது. அதற்கு ஸ்டிர்லென் என்ற செயற்கூறு உலகத்தில் ஐம்பது வருடமாக இருக்கிறது. எழுதினால் ஆறு வரி.

பக்கத்து மேசை யோ அக்காவிடம் சொன்னாள். யோ அக்கா கழகத்தின் ஆரம்பநாள் ஊழியர். பாதிச் சர்க்கரையும் ஜவ்வரிசி உருண்டையும் போட்ட முத்துத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே முழுச் சம்பளத்துக்கும் அமைதியாக இருக்கக் கற்றவள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? உன் ஃபைல்லயே ஒண்ணு எழுதி வேற பேர் வச்சிக்க. எல்லாரும் அதானே பண்றோம்."

"எல்லாருமா?"

"உள்ள நீளம் அளக்குற ஃபங்ஷன் மட்டும் நாப்பத்தொண்ணு இருக்கு. என்னுது ரெண்டு. ஒண்ணு ஒண்ணு கூடச் சொல்லும், ஒண்ணு ஒண்ணு குறைச்சுச் சொல்லும். தேவைக்குத் தக்க எடுத்துக்குவேன்."

"அப்போ வாசல்ல இருக்கிற பூஜ்யம்?"

"அது பொதுப் பட்டியல்டி. இதெல்லாம் அவங்கவங்க சொந்தச் சொத்து."

ஆனால் பெய்-ரோங்கால் அப்படிச் செய்ய முடியாது. எச்சரிக்கைப் பெட்டி பொதுப் பாதுகாப்பில் வருவதால், அந்தக் கோப்பில் சொந்தச் செயற்கூறு எழுதத் தடை இருந்தது. பொதுப் பட்டியலில் உள்ளதை மட்டும்தான் அழைக்கலாம். பொதுப் பட்டியலில் எதுவும் இல்லை. ஆகவே நாட்டிலேயே மிகப் பாதுகாப்பான அந்தக் கோப்பில் மட்டும்தான் எதையும் அளக்க வழியில்லாமல் இருந்தது.

ஸ்டிர்லென்னைப் பொதுப் பட்டியலில் சேர்க்கும்படி அவள் விண்ணப்பித்தாள். ஒன்றரை வருடம் கழித்து விசாரணைக்கு அழைத்தார்கள்.

சேர்க்கைக் குழுவின் தலைவர் வூ, உருண்டை முகமும் மெதுவான பேச்சும் உள்ள மனிதர். தேநீர் ஆறினால்தான் குடிப்பார், விஷயம் ஆறினால்தான் கையெழுத்துப் போடுவார். அவருக்கு வலப்பக்கம் பாதுகாப்புப் பிரிவின் டாக்டர் பெங், தன் செல்பேசியையே ஒரு உலோக டப்பாவுக்குள் வைத்திருப்பவர். இடப்பக்கம் செயலாளர் லாய் அம்மையார். கழகத்தின் ஒவ்வொரு கணினிமேலும் பச்சைநிற மக்காச்சோளப் பொரிப் பொட்டலம் ஒன்று இருக்கும், அது இருந்தால் இயந்திரம் சொன்னபேச்சுக் கேட்கும் என்பது அந்நாட்டு நம்பிக்கை. அது பச்சைதானா, காலாவதி ஆகாததுதானா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. கழகத்தில் காலக்கெடு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட ஒரே துறை அதுதான்.

"சின்ன ஜியன், பயப்படாம உக்காரும்மா," என்றார் வூ. "தரமான ஃபங்ஷன்னு எழுதியிருக்க. அப்போ நம்மகிட்ட இருக்கிறது தரமில்லாததா?"

"இல்லங்க ஐயா, அது பேரு. சி மொழியோட தர நூலகம்னு சொல்வாங்க."

"வெளியாளுங்க சொல்வாங்க. நாம எதுக்குச் சொல்லணும்? பதினோரு வருஷமா பூஜ்யம். பக்கத்து நாட்டுல எவனுக்காவது இந்தக் கட்டுப்பாடு இருக்கா? ஒண்ணு சேத்தா அதோட பேரு ஒண்ணு. சாதனைன்னு எப்படிச் சொல்றது அதை?"

டாக்டர் பெங் தொண்டையைக் கனைத்தார். "இது நீளத்தை எப்படி அளக்குது?"

"ஒவ்வொரு எழுத்தா பாத்துக்கிட்டே போகும். முடிவுக் குறி வந்ததும் நிக்கும்."

"எழுத்தைப் பாக்குதா?"

"பாக்காம எப்படிங்க எண்ணுறது?"

"ரகசியச் செய்தியா இருந்தாலும் பாக்குமா?"

"பாக்கும். ஆனா படிக்காது."

"நாங்களும் அப்படித்தான் சொல்றோம், யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க," என்ற டாக்டர் பெங், தான் சொன்னதைக் கேட்டு ஒருகணம் திகைத்துவிட்டு, அதைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார். "முடிவுக் குறி வரவே இல்லன்னா?"

"போய்க்கிட்டே இருக்கும்."

"யார் அனுமதியில?"

எழுத்தைப் பார்க்காமல் எண்ணும் வழியை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அந்தத் துணைக்குழு நான்கு மாதம் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிப் பார்த்துவிட்டு, முடிவுகள் ஊக்கமளிப்பதாக அறிக்கை தந்தது.

இரண்டாம் விசாரணையில் நீளம் என்றால் என்ன என்ற கேள்வி எழுந்தது. முடிவுக் குறியையும் சேர்த்து எண்ண வேண்டும் என்றது ஒரு பிரிவு. கூடாது என்றது இன்னொன்று. மூன்றாவது பிரிவு, முதல் எழுத்துக்கு மரியாதை தந்து அதை விட்டுவிட்டு எண்ண வேண்டும் என்றது. யார் மனமும் நோகாமல் மூன்றின் சராசரியை எடுக்கலாம் என்று தலைவர் வூ சமாதானம் செய்துவைத்தார். சராசரி போட்டுப் பார்த்தால் சரியான விடையே வந்தது. பெய்-ரோங் வாயை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தாள். இந்த இடத்தில் சிரித்தால் காரியம் கெடும் என்பது அதற்குள் அவளுக்கும் தெரிந்திருந்தது.

எல்லாம் கூடிவந்தபோது சந்திர நாள்காட்டியில் ஆறாம் மாதம் முடியவிருந்தது. லாய் அம்மையார் குழுவுக்கு அதை நினைவூட்டினார்.

"நாளைக்கழிச்சு ஏழாம் மாசம் பொறக்குது. பேய் மாசம். பேய்லோகக் கதவு திறந்திருக்கிற மாசத்துல யாரும் புதுசா குடி போக மாட்டாங்க. கார்கூட வாங்க மாட்டாங்க."

"இது குடி போறது இல்லீங்களே அக்கா, ஆறு வரி," என்றாள் பெய்-ரோங்.

டாக்டர் பெங் அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கியவர். பெய்-ரோங் நம்பிக்கையோடு அவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாதுகாப்புக் கோணத்துல லாய் சொல்றது சரி. கெர்னலைத் திறக்குறோம். அந்த மாசம் வெளியே என்னென்னமோ திரியுது. நாம கூப்பிட்டது மட்டும்தான் உள்ள வரும்னு என்ன உத்தரவாதம்? ஃபயர்வால் இதுக்கெல்லாம் பண்ணினது இல்ல."

"அப்போ நாளைக்கே சேத்துடலாங்களே ஐயா. எல்லாம் ரெடியா இருக்கு. புயல் சீசன் வேற வந்தாச்சு. எங்க ஊர்ல சங்கு..."

"நாளைக்கா? ஃபங்ஷனோட உடம்பு, அந்த ஆறு வரி, அதோட குறிப்புகளை மூணு பிரிவும் படிக்கணும். சராசரிக்குச் சட்டப் பிரிவு ஒப்புதல் வேணும்," என்றார் வூ. பிறகு, தேநீர் நன்றாக ஆறிவிட்டதால், அவருக்கு ஒரு யோசனை உதித்தது. "பேர் ஒப்புதல் ஆயாச்சுல்ல? பேர் மட்டும் நாளைக்கு உள்ள போகட்டும். உடம்பு எட்டாம் மாசம் வரட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எதிர்த்தவள் பெய்-ரோங் ஒருத்திதான்.

"ஐயா, உடம்பு இல்லாத ஃபங்ஷன் எதைக் கொடுத்தாலும் பூஜ்யம்னுதான் சொல்லும். செய்தி நீளம் பூஜ்யம்னா செய்தியே இல்லன்னு பெட்டி நெனச்சுக்கும். வெள்ளமே வந்தாலும் சங்கு ஊதாது. பேரை உள்ள வச்சுக்கலாம், பெட்டியில இப்ப இணைக்க வேண்டாம்."

"பேர் பதிவான அன்னிக்கே பயன்பாட்டுக்கு வரலன்னா பதிவு ரத்தாயிடும்," என்றார் லாய் அம்மையார். "காலி வீட்டுக்குக் குடும்பப் பதிவு கிடையாது."

"ஒரே ஒரு மாசம்," என்றார் வூ கனிவாக. "அதுவும் பேய் மாசம். பேய் இழுத்துடும்னு ஜனங்க தண்ணிப் பக்கமே போக மாட்டாங்க. அதைவிடப் பாதுகாப்பான மாசம் ஏது?"

பெய்-ரோங்கின் ஆட்சேபம் 'ஊழியர் நன்றி தெரிவித்தார்' என்று குறிக்கப்பட்டது.

மறுநாள் படையல் நடந்தது. சர்வர் அறை வாசலில் மேசை போட்டு, பழம், பிஸ்கட், பச்சைப் பொட்டலங்கள் அடுக்கினார்கள். மண்காவல் சாமியிடம் வேண்டும்போது பெயர், பிறந்த தேதி, குடியிருக்கும் இடம் மூன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கு அருள்வது என்று அவருக்கே குழப்பமாகிவிடும் என்றார் லாய் அம்மையார். ஸ்டிர்லென்னின் பிறந்த தேதி யாருக்கும் தெரியவில்லை. எழுபதுகளில் அமெரிக்காவில் பிறந்தது என்று பெய்-ரோங் சொன்னதும் குடியுரிமைச் சிக்கல் கிளம்பி, ஊதுபத்தி பாதி எரியும்வரை அதை விவாதித்தார்கள். கடைசியில் கழகத்தின் தத்துப் பிள்ளை என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

பெய்-ரோங்குக்கு ஒரு துணிச்சல் வந்தது. அம்மாவின் தரைத்தள வீடு கண்முன் நின்றதால் வந்த துணிச்சல் அது.

"அக்கா, உடம்பையும் இன்னிக்கே உள்ள விடலாமான்னு சாமிகிட்ட கேட்டுப் பாருங்களேன்."

லாய் அம்மையார் சாமியின் சம்மதம் கேட்கும் பிறை வடிவக் கட்டைகள் இரண்டையும் நெற்றிக்கு நேரே தூக்கி, வேண்டி, கீழே போட்டார். ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தது. சம்மதம். மறுபடி போட்டார், சம்மதம். மூன்றாம் முறையும் சம்மதம். தலைவர் வூ மேசையைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டார்.

"சாமியோட கருத்தைக் குழு நன்றியோட ஏத்துக்குது. ஆனா அது ஆலோசனை அளவுலதான். அவருக்கு ஓட்டு இல்ல."

"ரகசிய அனுமதியும் இல்ல," என்றார் டாக்டர் பெங்.

பெயர் உள்ளே போனது. தலைவர் வூ தன் விரலாலேயே எச்சரிக்கைப் பெட்டியோடு அதை இணைத்தார். கைதட்டினார்கள். நாற்பத்தோரு சொந்தச் செயற்கூறுகள் வைத்திருந்தவர்கள்தான் அதிகம் கைதட்டினார்கள். நாட்டின் முதல் பொதுச் செயற்கூறு, இரண்டு அடைப்புக்குறிகளுக்கு நடுவே ஒன்றுமில்லாமல், பூஜ்யத்தை மட்டும் திருப்பித் தந்துகொண்டு குடியேறியது. வாசலில் இருந்த பித்தளைப் பூஜ்யத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டதற்கு, உடம்பு வரும்வரை இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அன்று மாலை பெய்-ரோங் அம்மாவுக்குத் தொலைபேசினாள்.

"அம்மா, இந்த மாசம் சங்கை நம்பாத. மழை வந்தா மேல பள்ளிக்கூடத்துக்குப் போயிடு."

"அதை எவ நம்பினா? நீ சாப்பிட்டியா?"

"சொல்றதைக் கேளு."

"கேக்குறேன் கேக்குறேன். என் முழங்கால் மட்டும் கேக்க மாட்டேங்குது."

ஏழாம் மாதத்தின் நடுவில் புயல் வந்தது. அலுவலகத்துக்குப் புயல் விடுமுறை விட்டார்கள். பெய்-ரோங் வாடகை அறையில் உட்கார்ந்து அம்மாவுக்குத் திரும்பத் திரும்ப அழைத்தாள். மணி போனது, எடுக்கவில்லை. பிறகு மணியும் போகவில்லை. பிற்பகல் செய்தியில் லியூகெங் ஆறு கரையை உடைத்துவிட்டது என்றார்கள், ஆற்றங்கரை வரிசை வீடுகளில் தரைத்தளம் முழுக்கச் சேறு என்றார்கள். பெய்-ரோங் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆறு வரி, ஆறு வரி என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த ஆறு வரியையும் திருட்டுத்தனமாகவாவது உள்ளே தள்ளியிருக்கலாமே என்று தன்னையே அறைந்துகொண்டாள்.

பொழுது சாயும் வேளையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஆ-ரோங், சாப்பிட்டியா?"

"எங்க இருக்கம்மா?"

"பள்ளிக்கூடத்துல. எல்லாரும் இங்கதான். ஒருத்தர் விடாம வந்துட்டோம்."

"சங்கு ஊதுச்சா?"

"ஊதினா நாங்க ஏன் வர்றோம்?" என்றாள் அம்மா. "காலையிலேருந்து மழை கொட்டுது, சங்கு மூச்சு விடல. எதிர்வீட்டு கௌ பெரியவர் வாசல்ல வந்து நின்னாரு. மழையில சங்கு சத்தம் இல்லன்னா என்ன அர்த்தம்? கம்பத்தையே ஆறு கொண்டுபோயிடுச்சுன்னு அர்த்தம்னாரு. கம்பம் இருக்கிறதோ மேட்டுல. அங்கயே தண்ணி வந்தாச்சுன்னா நாம எம்மாத்திரம்? அவ்வளவுதான், ஊரே ஓடுச்சு. நானும் ஓடினேன்."

"முழங்கால்?"

"அதுவும் கூடவே வந்துச்சு."

கம்பம் மேட்டில் ஒரு சேதமும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதில் இருந்த பெட்டிக்குத் தலைமையகத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட அபாயச் செய்திகள் போயிருந்தன. ஒவ்வொன்றையும் வாங்கி, அளந்து, ஒன்றுமில்லை என்று முடிவு செய்து வைத்திருந்தது.

ஓர் உயிர்கூடப் போகவில்லை என்ற செய்தி வந்ததும் கழகத்தில் விழா எடுத்தார்கள். தலைவர் வூ மேடையில் பேசினார்.

"எச்சரிக்கைன்னா சத்தம் போடணும்னு உலகம் நெனைக்குது. மூணு வருஷமா சத்தம் போட்டோம், ஒருத்தர் நகரல. இந்த வருஷம் ஒண்ணுமே செய்யல, ஊரே நகர்ந்துச்சு. ஒண்ணுமே செய்யாம இருக்கிறதுக்கு எவ்வளவு உழைப்பு வேணும்னு வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியாது. இந்தக் குழுவுக்குத் தெரியும்."

'மௌன எச்சரிக்கை' என்ற பெயரில் விருது ஒன்றும் வந்தது. பெய்-ரோங்குக்கு ஒரு பச்சைப் பொட்டலம் தந்தார்கள்.

எட்டாம் மாதம் பிறந்ததும் உடம்பு குழுவின் முன் வந்தது. அதிசயமாக, இந்த முறை யாருக்கும் ஆட்சேபமில்லை. சட்டப் பிரிவு சராசரியை ஒப்புக்கொண்டிருந்தது. விருது வாங்கிய செயற்கூறு என்பதால் டாக்டர் பெங்கும் எழுத்தைப் பார்க்க அதற்கு அனுமதி கொடுத்துவிட்டார். கூட்டம் காலையில். முந்தின நாள் அம்மா அழைத்திருந்தாள்.

"உன் ஆபீஸ்ல சங்கைச் சரிபண்ணப் போறாங்கன்னு நியூஸ்ல சொன்னான். நெசமா?"

"ஆமாம்மா. இனிமே சரியா ஊதும்."

"வேண்டாம்டி."

"என்னம்மா சொல்ற?"

"ஊதினா எவனும் எழுந்திருக்க மாட்டான். மூணு வருஷப் பழக்கம். நேத்து ஊர்க் கூட்டத்துல பேசியாச்சு. மழை வந்து சங்கு ஊதலன்னா மேல போறதுன்னு முடிவு. அன்னைக்கு மாதிரி எல்லாரும் கௌம்பினதை நான் பொறந்து பாத்ததில்ல."

"அப்போ ஒவ்வொரு தூறலுக்கும் மேல ஏறுவீங்களா?"

"ஏறிட்டுப் போறோம். மாஜாங் ஆட மேசை கொண்டுபோய்ப் போட்டாச்சு. நீ அதைத் தொடாத. தொட்டீன்னா எந்த வெள்ளம் வந்தாலும் நான் இந்த வீட்டுலதான் படுத்திருப்பேன்."

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது பெய்-ரோங்குக்குத் தெரியும்.

"ஆட்சேபம் யாருக்காவது உண்டா?" என்று மறுநாள் காலைக் கூட்டத்தில் வழக்கத்துக்குக் கேட்டுவிட்டு, தலைவர் வூ கையெழுத்துக்குப் பேனாவை எடுத்தார். பெய்-ரோங் எழுந்து நின்றாள்.

"எனக்கு உண்டுங்க ஐயா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் தேநீரோடு உட்கார்ந்திருந்த யோ அக்கா உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"நீளம்னா என்னன்னு நாம இன்னும் அடிப்படையிலேருந்து யோசிக்கல. சராசரி அவசரத்துல எடுத்த முடிவோன்னு தோணுது. பேர் உள்ள வந்து ரெண்டு மாசம்கூட ஆகல, அது இடத்துக்குப் பழகட்டும். உடம்பைப் பத்தி ஆராய ஒரு துணைக்குழு போடலாம். காலக்கெடு எதுவும் வைக்க வேண்டாம்னு கேட்டுக்குறேன்."

பேசியது தன் குரல்தான் என்று அவளுக்கு நம்ப முடியவில்லை. காதுமடல் சுட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிதாக, அம்மா இருக்கிறாள் என்ற நிம்மதியும் இருந்தது.

தலைவர் வூ பேனாவை மூடி வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணரை வருஷம் இந்தப் பொண்ணை நாம காக்க வச்சது வீண் போகல," என்றார். துணைக்குழுவின் தலைமைப் பொறுப்பை அப்போதே அவளுக்குக் கொடுத்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பெய்-ரோங் தன் இடத்துக்கு வந்து கோப்பைத் திறந்தாள். ஸ்டிர்லென் அப்படியே இருந்தது, இரண்டு அடைப்புக்குறிகளும் நடுவில் ஒரு பூஜ்யமுமாக. நாளைக்கு யாராவது கெட்டிக்காரர் வேலைக்குச் சேர்வார், இதைப் பார்த்து அதிர்ந்துபோய் அந்த ஆறு வரியை எழுதிவிடுவார். அவள் அதற்கு மேலே ஒரு குறிப்பு எழுதினாள்: 'இந்தச் செயற்கூறு சரியாக வேலை செய்கிறது. தயவுசெய்து யாரும் திருத்த வேண்டாம். ஆற்றோரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.'

சேமித்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் வானம் எப்படி இருக்கிறது என்று பார்த்தாள்.